ஐரிஸ் கிழங்கு வெயில் காண வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத் தோட்டப் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஐரிஸ் மலர் பற்றிய குறிப்பை ஆர்வத்துடன் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு செடிக்கு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், கிழங்கை நான்கு விரற்கடை ஆழத்தில் புதைக்க வேண்டும், நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும், மேலே காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு இட வேண்டும் என்று அக்குறிப்பில் கூறப்பட்டிருந்த மூன்று அறிவுரைகளும், ஐரிஸ் என்ற பெயரில் பெரும்பாலோர் வாங்கி வளர்க்கும் தாடி ஐரிஸ் வகைக்கு முற்றிலும் மாறானவை. அதே மூன்றையும் நம்பிச் செய்து இரண்டு ஆண்டுகளையும் ஒரு பாத்திச் செடிகளையும் இழந்திருக்கிறேன் என்பதால், இதை விளக்கி எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

நான் முதன்முதலில் ஐரிஸ் நட்டபோது எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம், நிலத்தில் வைக்கும் எந்தக் கிழங்கையும் நன்றாக மண்ணுக்குள் இறக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். அப்படியே செய்தேன். இலைகள் வாள் போல நிமிர்ந்து வளர்ந்தன. பார்ப்பதற்குச் செழிப்பாகவே இருந்தன. முதல் வசந்தத்தில் பூக்கவில்லை. புதிய செடிதானே என்று பொறுத்திருந்தேன். இரண்டாம் ஆண்டிலும் ஒரு மொட்டுகூட எட்டிப்பார்க்கவில்லை. போதிய உரம் இல்லையோ என்று மாட்டு எருவை அள்ளிப் போட்டேன். அடுத்து வந்த மழைக்காலத்தில் இலைவிசிறிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கையால் பிடித்து மெதுவாக இழுத்தாலே அடியோடு கழன்று வந்தன. அவற்றின் அடியில் இருந்த மணத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் ஐரிஸ் கிழங்கின் இயல்பிலேயே இருக்கிறது. நாம் கிழங்கு என்று சொல்வது உண்மையில் வேர் அன்று. இஞ்சியைப் போலக் கிடைமட்டமாக வளரும் ஒரு தண்டு. ஐரிஸ் பேரினத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் வட அரைக்கோளத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் தாடி ஐரிஸின் மூதாதையர் தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கற்கள் நிறைந்த வெயில் சரிவுகளில் வளர்ந்தவை. கோடையில் அங்கு மழை அரிது. ஆகவே இச்செடி தன் உணவையும் நீரையும் தடித்த தண்டில் சேமித்துக்கொண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டியபடி மண்ணின் மேல் படுத்துக் கிடக்கப் பழகியது. வேர்கள் மட்டுமே கீழே இறங்குகின்றன. அந்த முதுகை மண்ணாலும் சருகாலும் மூடி, நாள்தோறும் நனைத்தால், அதற்கு மூச்சு முட்டுவது இயற்கையே.

நடும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழும், நீர் தேங்காத இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மணலும் சரளையும் கலப்பதைவிடத் தரையை உயர்த்தி மேட்டுப்பாத்தி அமைப்பதே மேல் என்பது என் அனுபவம். சற்று அகலமாகக் குழி எடுத்து, அதன் நடுவில் மண்ணைக் கூட்டி ஒரு சிறு வரப்பு போல் அமைத்து, அந்த வரப்பின் மேல் கிழங்கைக் குதிரையில் ஏற்றி உட்கார வைப்பது போல வைத்து, வேர்களை இருபுறமும் கீழ்நோக்கிப் பரப்பிவிட வேண்டும். பின்னர் வேர்களின் மேல் மண்ணை இறுக்கி அணைத்தால், கிழங்கின் மேற்புறம் மண் மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். கடுமையான வெயில் உள்ள இடங்களில் மட்டும் ஒரு விரற்கடைக்கும் குறைவாக மெல்லிய மண் தூவலாம். உயரமாக வளரும் வகைகளுக்கு, ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இடையே 30 முதல் 45 செ.மீ. இடைவெளி தேவை. நட்ட அன்று அது ஒரு பாத்தியாகவே தோன்றாது. மொட்டைத் தரையில் ஆங்காங்கே வைத்தது போல் இருக்கும். மூன்றே ஆண்டுகளில் அந்த இடைவெளி முழுவதும் நிரம்பிவிடும் என்பதால், மனத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு நெருக்கி நடாமல் இருக்க வேண்டும்.

நட்டவுடன் ஒரு முறை நன்றாக நீர் ஊற்றலாம். புதிய இலை தெரியும் வரை மண் முற்றிலும் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேர் பிடித்த பிறகு நீண்ட வறட்சி நேரும்போது மட்டுமே இச்செடிக்கு நம் நீர் தேவைப்படும். ஆண்டில் இரண்டாம் முறையும் பூக்கும் சில வகைகள் மட்டுமே கோடையிலும் சிறிதளவு நீரையும் உரத்தையும் எதிர்பார்ப்பவை. உரத்தைப் பொறுத்தவரை, தழைச்சத்து மிகுந்த எதையும் அருகில் கொண்டுவராமல் இருப்பது நலம். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுக்கும், திசுக்கள் மென்மையாகும், அந்த மென்மையைத் தேடி அழுகல் வந்து சேரும். என் எரு செய்த வேலை அதுவே. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடுதலாக உள்ள உரத்தை வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும், பூத்து முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு முறையுமாக, கிழங்கின் மேல் படாமல் அதைச் சுற்றிச் சிறிது தூவினால் போதுமானது.

அழுகல் நோயைப் பற்றி வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். அது ஒரு பாக்டீரியாவால் வருவது. காயத்தின் வழியாக உள்ளே நுழைந்து கிழங்கைக் கூழாக்கிவிடுகிறது. வெளித்தோல் மட்டும் காகிதம் போல் அப்படியே நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கி வெள்ளைக் குழம்பு பிதுங்கும். அன்று நான் செடிகள் முழுவதும் போய்விட்டன என்றே எண்ணினேன். அனுபவமுள்ள ஒரு தோட்டக்காரர் சொல்லித்தான், தோண்டியெடுத்த கிழங்குகளை ஒரு பழைய கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன். குழைந்த பகுதி எளிதாக வழித்துக்கொண்டு வந்தது. கரண்டி ஒரு கட்டத்தில் பச்சை உருளைக்கிழங்கில் படுவது போலக் கெட்டியான வெள்ளைச் சதையில் தட்டி நின்றது. அதுவரை சுரண்டி, ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் கழுவி, வெட்டுப்பட்ட இடம் தோல் கட்டும் வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர விட்டேன். கரண்டியையும் கத்தியையும் ஒவ்வொரு கிழங்குக்குப் பின்னும் அதே கரைசலில் முக்கி எடுத்தேன். பத்தொன்பது கிழங்குகளில் ஏழு பிழைத்தன. இன்று என் தோட்டத்தில் உள்ள தாடி ஐரிஸ்கள் அனைத்தும் அந்த ஏழின் வழிவந்தவை.

அவை முதன்முதலாகப் பூத்த காலையில்தான் இந்த மலரின் அமைப்பை முழுமையாகக் கண்டேன். மூன்று இதழ்கள் மேல்நோக்கிக் கூம்பி நிற்கின்றன. மூன்று கீழ்நோக்கித் தொங்குகின்றன. தொங்கும் ஒவ்வோர் இதழின் நடுவிலும் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மென்மயிர்கள் வரிசையாக நிற்கும். தாடி என்று பெயர் வந்தது அதனால்தான். அந்தத் தாடிக்கு மேலே, இதழ் போலவே தோன்றும் ஒரு மெல்லிய கூரை வளைந்திருக்கிறது. அது இதழன்று, சூலகத்தண்டின் ஒரு கிளை. ஒரு கருந்தேனீ தொங்கும் இதழில் வந்திறங்கி, தாடியைப் பிடித்துக்கொண்டே அந்தக் கூரையின் கீழ் நுழைந்ததை ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தேன். நுழையும் வழியிலேயே கூரையின் விளிம்பில் உள்ள சிறு உதடு அதன் முதுகை உரசி, முந்தைய பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தை வாங்கிக்கொள்கிறது. அதற்கு அப்பால்தான் மகரந்தப்பை இருக்கிறது. தேனீ புதிய மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும்போது, உதட்டின் மகரந்தம் ஏற்காத புறமே அதன் மேல் படுகிறது. ஆகவே பூ தன் மகரந்தத்தைத் தானே பெறுவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஒரே பூவில் இத்தகைய வாயில்கள் மூன்று. வானவில்லின் கிரேக்கத் தேவதையின் பெயரை இதற்குச் சூட்டியவர்கள் நிறத்தைப் பார்த்துச் சூட்டினார்கள். எனக்கோ அந்தக் கூரையின் வளைவையே வானவில் என்று சொல்லத் தோன்றியது.

ஒரு பூ இரண்டு அல்லது மூன்று நாள்களே நிற்கும். ஆனால் ஒரு தண்டில் பல மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் ஓரிரு வாரங்கள் காட்சி நீடிக்கும். வாடிய பூக்களை அன்றன்றே கிள்ளி எடுத்துவிடுவது நல்லது. கருநீல வகைகளின் வாடிய பூவிலிருந்து சொட்டும் சாறு துணியில் பட்டால் கறை எளிதில் போகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். தண்டு முழுவதும் பூத்து முடிந்ததும் அதை அடியோடு வெட்டிவிட வேண்டும்.

இங்கு ஓர் இன்றியமையாத செய்தி உண்டு. பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அது தன் இருபுறமும் பக்கக் கிழங்குகளை ஈன்றுவிட்டு, அவற்றைத் தாங்கும் வெறும் கட்டையாகிவிடுகிறது. அடுத்த ஆண்டின் பூ அந்தப் பக்கக் கிழங்குகளிலிருந்தே வரும். இப்படி ஆண்டுக்காண்டு வெளிநோக்கிப் பெருகி, நடுவில் பழைய கட்டைகள் குவிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நெருங்கும்போது பூ குறைகிறது. ஆகவே மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, பூத்து முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில், குத்து முழுவதையும் தோண்டியெடுத்துப் பிரிக்க வேண்டும். ஓரத்திலுள்ள இளங்கிழங்குகளை, ஒவ்வொன்றிலும் ஒரு இலைவிசிறியும் சில நல்ல வேர்களும் இருக்குமாறு வெட்டி எடுத்துக்கொண்டு, நடுக்கட்டைகளைத் தயங்காமல் அகற்றிவிடலாம். எடுத்து நடும்போது மட்டும் இலைகளைச் சுமார் 15 செ.மீ. உயரத்துக்குக் கத்தரிக்க வேண்டும். வேர் பிடிக்காத செடி நீரை இழக்காமலும் காற்றில் சாயாமலும் இருக்க அது உதவுகிறது. கடும் பனி தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் இவ்வேலை முடிந்திருக்க வேண்டும்.

இதைக் கண்டு, ஆண்டுதோறும் கோடையில் எல்லாச் செடிகளின் இலைகளையும் விசிறி வடிவில் வெட்டி ஒழுங்குபடுத்துவோர் பலர். அதை நான் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்ப்பவை அந்தப் பச்சை இலைகளே. பழுப்பேறிய இலைகளையும் புள்ளி விழுந்த நுனிகளையும் நீக்கினால் போதும்.

என் ஐரிஸ் நிறம் மாறிவிட்டது, வெள்ளையாக இருந்தது ஊதாவாகப் பூக்கிறது என்று வருந்துவோரையும் அடிக்கடி சந்திக்கிறேன். ஒரே கிழங்கின் பூ நிறம் அவ்வாறு மாறுவதில்லை. அருகில் இருந்த வீரியமான வேறொரு வகை மெலிந்த வகையை நெருக்கி அழித்திருக்கும். அல்லது வெட்டாமல் விட்ட காயிலிருந்து விதை விழுந்து, தாயைப் போல் இல்லாத புதிய செடி முளைத்திருக்கும். காய் பிடிக்க விடாமல் பார்த்துக்கொள்வதற்கும், ஒவ்வொரு வகைக்கும் பெயர்ப்பலகை வைப்பதற்கும் இதுவே காரணம்.

பூச்சிகளுள், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதித் தோட்டங்களை வாட்டும் ஐரிஸ் துளைப்பான் புழு ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். அதன் அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் காய்ந்த இலைகளில் முட்டையிடுகிறது. வசந்தத்தில் வெளிவரும் புழு இலையைக் குடைந்து, இலைமடிப்பின் வழியே கீழிறங்கிக் கிழங்குக்குள் புகுந்துவிடுகிறது. அது போட்ட துளையின் வழியே அழுகலும் நுழையும். காய்ந்த இலைகளைக் குளிர்காலத்துக்குள் முழுவதுமாகப் பொறுக்கி எடுத்துவிட்டால் முட்டைகளும் அவற்றோடு போய்விடும். பழுப்பு இலைப்புள்ளி நோய்க்கும் அதே துப்புரவே முதல் மருந்து.

இனி தங்கள் குறிப்பை எழுதியவருக்கு நியாயமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கூறிய ஆழமும் ஈரமும் மூடாக்கும் வேறொரு ஐரிஸுக்குப் பெரும்பாலும் பொருந்துபவை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சார்ந்த ஈரநிலங்களில் தோன்றிய லூசியானா ஐரிஸின் கிழங்கு, வெயில் பட்டால் வெந்துவிடும். அதை மண்ணுக்குள் இரண்டு மூன்று செ.மீ. இறக்கி, சருகால் மூடி, ஈரம் காயாமல் வைத்திருக்கத்தான் வேண்டும். வெப்பத்தையும் அது தாங்கும். ஐரிஸ் சைபிரிகா என்னும் மெல்லிலை வகையும் வேர் காய்வதைப் பொறுக்காது. தோண்டிய கிழங்கைத் தாடி ஐரிஸைப் போல வெயிலில் உலர்த்தினால் இறந்துவிடும். ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகப் பேணி வளர்த்த ஐரிஸ் என்சாட்டாவோ, கோடை முழுவதும் நீரை விரும்புவது. அமில மண்ணில்தான் செழிப்பது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் மஞ்சளித்து மடிந்துவிடும். அதன் புதிய வேர்கள் ஆண்டுதோறும் பழைய வேர்களுக்கு மேலே தோன்றுவதால், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்துச் சற்று ஆழமாக மறுநடவு செய்ய வேண்டியிருக்கிறது. டச்சு ஐரிஸ் கிழங்கு வகையே அன்று. வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வளர்வது, சுமார் 10 செ.மீ. ஆழத்தில் இலையுதிர் காலத்தில் நடப்படுவது. பூக்கடைகளில் நாம் காணும் நீல ஐரிஸ் பெரும்பாலும் அதுவே. இவை அனைத்தும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எந்த ஐரிஸ் என்று சொல்லாமல் பராமரிப்பு முறையை மட்டும் சொல்வது, எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமல் மருந்து சொல்வதற்கு ஒப்பாகும்.

வெப்ப நாடுகளில் இருப்போர் மற்றொன்றையும் அறிய வேண்டும். தாடி ஐரிஸின் பெரும்பாலான வகைகளுக்குப் பூ மொட்டு உருவாகக் குளிர்காலத்தின் குளிர் வேண்டும். குளிரே இல்லாத, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் எவ்வளவு அக்கறையாக வளர்த்தாலும் இலை மட்டுமே மிஞ்சும். அது வளர்ப்பவரின் குறையன்று. அத்தகைய இடங்களுக்கு லூசியானா வகையுடன் ஐரிஸ் டொமெஸ்டிகாவையும் நான் பரிந்துரைப்பேன். நெடுங்காலம் பெலம்கண்டா என்று தனிப் பேரினமாக வைக்கப்பட்டிருந்த இச்செடி, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2005-இல் ஐரிஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. செம்மஞ்சள் நிறத்தில் சிவப்புப் புள்ளிகளுடன் பூக்கும். ஒரு பூ ஒரே நாள்தான் நிற்கும். மாலையில் அது துணியைப் பிழிந்தது போலத் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு மூடுவதைக் காணலாம். பின்னர் காய் வெடித்து, பளபளக்கும் கருவிதைகள் கொத்தாக வெளித்தெரியும். விதையிலிருந்தே எளிதில் வளர்வதால் முதன்முறை வளர்ப்போருக்கும் நம்பிக்கை தரும்.

நீர்த்தொட்டிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் மஞ்சள் ஐரிஸ், அதாவது ஐரிஸ் சூடகோரஸ் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அதன் விதைகள் நீரில் மிதந்து செல்லும் இயல்புடையவை. தன் தாயகத்துக்கு வெளியே, வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் ஓடைக்கரைகளை அடர்ந்து ஆக்கிரமித்து, அங்குள்ள செடிகளை விரட்டியிருக்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அதை விற்கவே தடை உள்ளது. இயற்கை நீர்நிலைக்கு அருகில் வசிப்போர் அதை நடாமல் இருப்பதே பொறுப்பான செயல். மேலும், ஐரிஸ் செடிகள் பொதுவாகவே, குறிப்பாக அவற்றின் கிழங்குகள், உண்டால் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக் கூடியவை. சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும். குழந்தைகளும் நாய் பூனைகளும் உள்ள வீடுகளில், கிழங்கு வெளியே தெரியும்படி நடுகிறோம் என்பதை நினைவில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரித்து நடும்போது கையுறை அணிய வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுவே. அக்குறிப்பு எந்த ஐரிஸுக்கு உரியது என்பதைத் தெளிவுபடுத்தி, அடுத்த வாரத் தோட்டப் பகுதியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதைப் படித்துவிட்டுத் தாடி ஐரிஸைப் புதைத்துவிட்டவர்கள் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன்னரே கிழங்கின் மேலிருக்கும் மண்ணையும் சருகையும் விரலால் ஒதுக்கி, அதன் முதுகு தெரியும்படி செய்தால் போதும். மண்ணைத் தள்ளும்போது கிழங்கு கெட்டியாகத் தட்டுப்பட்டால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்